இரண்டடித் தொட்டியும் வேறொரு சாவியும்

தொட்டியின் முன்கண்ணாடியில், கீழிருந்து ஒரு சாண் உயரத்தில், மஞ்சளாக ஏதோ தீற்றியிருந்தது. சுண்டுவிரல் நகத்தளவு. நான் மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தீற்றலைப் பார்க்கவில்லை. வேலை விட்டு வந்த என் மனைவிதான் பார்த்தாள். பார்த்தவள் கைப்பையைத் திறந்து, சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை உரித்து, அம்பின் முனை அந்த மஞ்சளைத் தொடும்படி ஒட்டினாள். அவள் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். ஓட்டையோ கறையோ தையல் விட்ட இடமோ எதைக் கண்டாலும் அம்பு ஒட்டி அடுத்த மேசைக்குத் தள்ளுவது அவள் தொழில். அம்பு ஒட்டிய பிறகு அந்தக் குறை இல்லை என்று யாரும் சாதிக்க முடியாது.

“பாத்தியளா?” என்றாள்.

“மசாலாவா இருக்கும்.”

“மசாலாக் கை மீன் தொட்டிக்கு எதுக்கு வருது? சமைக்கது நான். இன்னைக்கு நான் மஞ்சப்பொடி டப்பாவத் தொடவே இல்ல.”

குனிந்து பார்த்தேன். அது குழம்பு மஞ்சள் இல்லை. முகத்துக்கு உரசிப் பூசுகிற கிழங்கின் மஞ்சள். காய்ந்த விளிம்பில் லேசாகப் பச்சை ஓடியிருந்தது. நாங்கள் தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள். என் மனைவியின் முகம் பவுடரோடு சரி. எங்கள் வீட்டில் உரசுகிற மஞ்சளும் இல்லை, உரச ஒரு கல்லும் இல்லை.

இருவர் மனத்திலும் மஞ்சள் பூசிய ஒரே முகம் வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தோம். தரைக்குக் கீழேதான் வீட்டுக்காரம்மா குடியிருந்தார்.

அப்போது இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் ஒரு பின்னலாடைக் கம்பெனியில் ஷேடு பார்க்கிற வேலையில் இருந்தேன். வெளிநாட்டிலிருந்து உள்ளங்கையளவு துணி வரும். சாயப்பட்டறை அதைப் பார்த்து நிறம் போட்டு, துண்டு துண்டாக அனுப்பும். இரண்டையும் விளக்குப் பெட்டிக்குள் அருகருகே வைத்து, ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்த்து, ஆகும் ஆகாது என்று நான் சொல்ல வேண்டும். ஒரு விளக்கில் அண்ணன் தம்பியாகத் தோளில் கைபோட்டு நிற்கும் இரண்டு நிறங்கள் அடுத்த விளக்கில் பங்காளிகளாக முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எதையும் ஒரே வெளிச்சத்தில் பார்த்து நம்பக் கூடாது என்பது என் கண்ணில் ஊறிப்போன பழக்கம். கண்ணில் ஊறியது மெல்ல மெல்ல மனுஷனுக்குள்ளும் இறங்கிவிடும்.

மீன் வாங்கியதும் நிறத்தால்தான். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மீன்கடை. மழைக்கு ஒதுங்கினேன். உள்ளே கட்டைவிரல் கணு அளவில் ஒரு கூட்டம் நீந்திக்கொண்டிருந்தது. சில மஞ்சள், சில நீலம். அந்த மஞ்சளை நான் எந்தச் சாயத்துண்டிலும் பார்த்ததில்லை. எலுமிச்சை இல்லை, சாமந்தி இல்லை. உள்ளே யாரோ விளக்கைப் போட்டுவிட்டு அணைக்க மறந்து போன மஞ்சள். நீலமோ ஸ்டவ் சுடரின் அடிப்பாகம். மழை விட்ட பிறகும் நான் நின்றுகொண்டிருந்தேன்.

“ஆப்பிரிக்கன் சிக்லிட்டுங்க” என்றார் கடைக்காரர். வாயில் பாக்கு. “நம்மூரு போர்த் தண்ணிக்கு இதுதானுங்க லாயக்கு. இதுக பொறந்த ஏரியில தண்ணியே லேசா உப்புக் கரிக்குமாமா. வேற மீனெல்லாம் நம்ம தண்ணியில உட்டா கண்ணு பிதுங்கிப்போகும். இதுக, வந்து சேந்தோம்டா சாமின்னு நீந்தும்.”

எங்கள் ஊர்த் தண்ணீரை ஒரு மனிதர் புகழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. உடனே சந்தேகம் வந்தது. இந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, தலைமுடி நாராகும். இதைப் புகழ்கிறவர் எதையோ விற்கப் பார்க்கிறார்.

“எத்தனை புடிக்கட்டுங்க?”

“ஒரு கூட்டமா இருக்கணும்.”

“அப்படின்னா தொட்டி நாலடி எடுத்துக்கங்க. கொறைஞ்சது மூணடி. உசரம் வேண்டியதில்லீங்க, நீளந்தான் வேணும். இதுக மேல கீழ சுத்தற ஜாதி இல்ல. ஆளுக்கொரு கல்லப் புடிச்சுக்கிட்டு, இது என்ற காடு, அது உன்ற காடுன்னு வரப்புக் கட்டிரும்.”

நான் சிரித்துவிட்டேன். கணு அளவு மீனுக்கு நாலடி. பெரிய தொட்டிக்குப் பெரிய கதை. சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் இஞ்ச் டேப்பை எடுத்து, கண்ணாடிக்கு வெளியே பிடித்து, ஒரு மஞ்சளை அளந்தேன். ஒரு நீலத்தை அளந்தேன். மனசுக்குள் கூட்டிப் பெருக்கினேன். இரண்டடி தாராளம் என்று வந்தது.

எங்கே தவறினேன் என்பது பின்னால்தான் தெரிந்தது. எங்கள் தொழிலில் எல்லாம் சுருங்கும். துவைத்தால் சுருங்கும், காய்ந்தால் சுருங்கும், இஸ்திரிச் சூட்டில் சுருங்கும். அளவு போடும்போதே சுருக்கத்துக்கு இவ்வளவு என்று விட்டுத்தான் வெட்டுவோம். வளர்ச்சிக்கு இவ்வளவு என்று விட்டு வெட்டிய துணியை நான் பார்த்ததே இல்லை. போதாததற்கு, பழுது போகும் என்று கூடுதல் பீஸ் வெட்டுகிற வழக்கத்தில், சாவதற்கென்று சில மீன்களைச் சேர்த்தே வாங்கினேன். அவையோ ஒன்றுகூடச் சாகாமல் தின்று தின்று வளர்ந்தன.

இரண்டடிக்கு இன்னொரு காரணமும் இருந்தது. தொட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது வீட்டுக்காரம்மா வாசலில் நின்றார். என்னைவிடச் சில வயது மூத்தவர். நெற்றியில் பெரிய பொட்டு, மோதிர விரலில் பெரிய கல் மோதிரம். அவர் கணவர் விடிந்ததும் சேவூர்த் தோட்டத்துக்குக் கிளம்பினால் பொழுது சாயத்தான் வருவார். பகலெல்லாம் அந்தக் கட்டடத்துக்கு அவர் ஒருவர்தான் காவல்.

“ஏனுங்க தம்பி, அது என்னுங்க கண்ணாடிப் பொட்டி?”

“மீன் தொட்டிங்கக்கா.”

“தண்ணி ரொப்புனா என்ன கனம் வரும்ங்க? எங்க தலைக்கு மேலதானுங்க உங்க ஹாலு.”

“ரெண்டடிதாங்கக்கா.”

“ரெண்டடிக்கு மேல போக வேண்டாங்க. இப்பவே சொல்லிப்போட்டனுங்க. பொறவு ஒழுகுச்சு, விரிசல் உட்டுச்சுன்னு நாஞ் சொன்னா உங்களுக்குத்தான் சங்கட்டமா இருக்கும்.”

அந்த ‘ங்க’வுக்குள் வெல்லமும் இருக்கும், ஊசியும் இருக்கும். எது எப்போது என்று தெற்கத்தி ஆளுக்குப் பிடிபட வருடங்கள் ஆகும். எனக்கு அப்போதும் முழுசாகப் பிடிபட்டிருக்கவில்லை.

அடுத்த வெயில் வருவதற்குள் மீன்கள் விரல் நீளம் ஆகியிருந்தன. பிறகுதான் துடுப்புகள் கிழியத் தொடங்கின. ஒரு நீலத்தின் வால், ஓரம் அடிக்காத துணி போல நூல் நூலாகத் தொங்கியது. அது எந்நேரமும் பில்டர் குழாய்க்குப் பின்னால், மேல் மூலையில், மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. ஒரு மஞ்சள் ஒரு நாள் செதில் உதிர்ந்து அடியில் கிடந்தது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருக்கிற பகலில்தான் எல்லாம் நடந்தது. நாங்கள் இருக்கும்போது ஒன்றும் நடக்காது. நிழல் தெரிந்தால் போதும், அத்தனையும் முன்கண்ணாடிக்கு ஓடி வந்து, முகத்தை ஒட்டி, வாயைத் திறந்து திறந்து மூடும். நற்கருணைக்கு வரிசையில் நிற்கிற பிள்ளைகள் போல அப்படி ஒரு சாது முகம்.

யாரோ செய்கிறார்கள், அல்லது எதுவோ செய்கிறது. முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். அந்த வருடங்களில் எங்கள் பக்கத்து போர்வெல்களில் சில நாள் தண்ணீரே லேசான நிறத்தோடு வரும். தம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தால் யாருடைய ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நான் சொல்லிவிடுவேன். பிறகு மின்வெட்டைச் சந்தேகப்பட்டேன். பிறகு மீன்கடைக்காரரை. நோய் பிடித்த சரக்கைத் தள்ளிவிட்டாரோ என்று போய் நின்றேன்.

“நோயெல்லாம் இல்லீங்க. அடிச்சுக்குதுக. நாந்தான் நாலடின்னு சொன்னனுங்களே.”

“நான் ஒரு நாள்கூட அடிச்சுக்கிட்டுப் பார்த்ததில்லையே.”

“நீங்க முன்னாடி நின்னா எப்படிங்க அடிச்சுக்கும்? மேனேஜர் நிக்கறப்ப லைன்ல யாராச்சும் வாயத் தொறக்கறாங்களா?” என்று சிரித்து, வேண்டாம் என்றாலும் ஒரு நீல மருந்தைக் கையில் திணித்தார். அது போதும். மருந்தும் விற்கிறார், தொட்டியும் விற்கப் பார்க்கிறார். இவர் சொல் ஆகாது என்று மனசுக்குள் அம்பு ஒட்டினேன்.

அந்த வாரத்தில்தான் தொட்டிக்கு எதிரே கிடக்கிற ஸ்டூல் இடம் மாறியிருப்பதை என் மனைவி கவனித்தாள். காலையில் சுவரோரம் இருந்தது, மாலையில் தொட்டிக்கு முன்னால் இருந்தது. கண்ணாடியில் பொடிப் பொடியாகக் கீறல்கள். அதன் மேல் இந்த மஞ்சள்.

எங்கள் கதவுக்கு, சாத்தினால் தானாகவே பூட்டிக்கொள்கிற பூட்டு. ஆளுக்கொரு சாவி எங்களிடம். வேறொரு சாவி கீழே இருக்கிறதா என்று குடிவந்த நாளில் நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

“உள்ள வாராவன்னா, இந்த மாசத்தோட வீட்டக் காலி பண்ணிருவோம்” என்றாள் என் மனைவி.

அவள் அப்படிச் சொன்னதற்கு அர்த்தம் இருந்தது. இதற்கு முன் முதலிபாளையத்தில் இருந்தோம். அங்கே வீட்டுக்காரி ஒரு நாள் பைப்படியில் வைத்து, “உன்ற மயில்கழுத்துச் சேலை நல்லாருக்குது புள்ள” என்றாள். என் மனைவி அந்தச் சேலையை அதுவரை பெட்டியைவிட்டு வெளியே எடுத்ததே இல்லை. அன்று சாயந்திரமே சாமான் கட்டினோம். இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் அவள் கொஞ்சம் அயர்ந்து தூங்கினாள். கிழக்கே ஜன்னல், நடக்கிற தூரத்தில் அவள் கம்பெனி. எனக்கு மறுபடி ஒரு லாரியில் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து போக மனசில்லை. மீனையும் தண்ணீரையும் எதில் தூக்கிக்கொண்டு போவது?

“சந்தேகத்துக்காகக் காலி பண்ண முடியுமா?”

“அப்ப கண்டுபிடிங்க. வரலன்னா இருப்போம். வந்தா போவோம். எனக்குத் தெரியாம நம்ம வீட்டுக்குள்ள ஒருத்தி மூச்சு விட்டா எனக்குச் சோறு எறங்காது.”

ஒரு நாள் கம்பெனியில், பட்டறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வைத்தேன். வழக்கம்போல டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, வழக்கத்தைவிடச் சத்தமாக வண்டியைக் கிளப்பி, தெருமுனை டீக்கடை ஓரம் நிறுத்திவிட்டு நடந்தே திரும்பினேன். வீட்டுக்காரம்மா பின்பக்கம் துணி அடிக்கிற சத்தம் கேட்டது. பூனை மாதிரி படியேறி, கதவைத் திறந்து, உள்ளே போய்ச் சாத்திக்கொண்டேன். பூட்டு தானே விழுந்தது. சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் பீரோக் கண்ணாடி தெரியும். பீரோக் கண்ணாடியில் தொட்டி தெரியும். மீன்களுக்கு நான் தெரிய மாட்டேன்.

நாம் இல்லாத நேரத்தில் நம் வீடு எப்படி இருக்கும் என்று நான் அதுவரை பார்த்ததில்லை. யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் சாமான்கள் கொஞ்சம் தளர்ந்து உட்கார்ந்திருந்தன. காலண்டர் தாள் தனக்குத்தானே புரண்டது. வெயில் ஜன்னல் வழியாக வந்து, கட்டிலில் உட்கார்ந்து, மெல்லக் கால் நீட்டியது. கரண்ட் போய் பம்ப் நின்றது. குமிழிச் சத்தம் அடங்கியதும், தண்ணீர்ப் பக்கமிருந்து ‘டொப்’ என்றது.

கண்ணாடிக்குள் கண்ணாடியாகப் பார்த்தேன். பெரிய நீலம் ஒன்று, நெற்றியை முன்னால் நீட்டி, தொட்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பாய்ந்தது. அந்த முனை எங்கே இருக்கிறது? பாய்ச்சல் முடிவதற்குள் சுவர் வந்துவிட்டது. ஓடுகிற மஞ்சளுக்கும் சுவர், துரத்துகிற நீலத்துக்கும் சுவர். ஓடி ஒளிந்த கல்லில் இன்னொன்று ஏற்கெனவே குடியிருந்தது. அது இதன் விலாவில் கொத்தியது. திரும்பினால் பின்னால் வேறொன்று. வாயோடு வாய் கவ்வி இழுத்தன. செதில்கள் ஜிகினாத் தூள் போல வெயிலில் இறங்கின. மூலையில் நின்ற கிழிந்த வாலை, போகிற போக்கில் ஒவ்வொன்றும் ஒரு கடி கடித்துவிட்டுப் போனது. நற்கருணைப் பிள்ளைகள்! இத்தனை நாள் என் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து மூடிய பிள்ளைகள்!

எனக்கு நெஞ்சு ஆறியது. பாதி வழக்கு தீர்ந்தது. வீட்டுக்காரம்மா மேல் பழியில்லை. கடைக்காரர் சொன்ன நீளக் குறைவுதான் குற்றவாளி. வெளியே போய்விடலாம் என்று திரையைத் தொட்டபோது, பூட்டில் சாவி திரும்பியது.

வீட்டுக்காரம்மா உள்ளே வந்தார். யாருடைய வீட்டுக்கோ வருகிற நடை இல்லை. அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவர் போல வேகம். நேரே தொட்டிக்குப் போனார். குனிந்து, தொட்டிக்கு அடியில் தரையை உள்ளங்கையால் தடவி, கையை முகர்ந்து பார்த்தார். ஈரம் இல்லை என்று திருப்தி. பிறகு ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மோதிரத்தால் கண்ணாடியில் ‘டக் டக்’ என்று தட்டினார்.

“உடு! உடுடா அவள! ஏ நீலத் தடியா, உன்னத்தான்!”

மீன்கள் சிதறின. உடனே அவர் முகத்துக்கு நேராகக் கூடி நின்று வாயைத் திறந்தன.

“பாரு, பாரு, மூஞ்சியப் பாரு. பச்சப் புள்ளையாட்ட.” மறுபடி ஒரு தட்டு. “இந்தத் துளியூண்டு பொட்டிக்குள்ள இத்தனையக் கொண்டாந்து அடைச்சா அடிச்சுக்காம என்ன பண்ணுமாமா? வரிசையா ஒத்த ரூமு கட்டி லைன் ஊட்டுல குடி வெச்ச மாதிரி. மனுசனாச்சும் வெளிய போயி ஒரு டீயக் குடிச்சுப்போட்டு வருவான். நீங்க எங்கடா போவீங்க?”

பீரோ பக்கம் திரும்பவில்லை. அலமாரியைத் தொடவில்லை. கொடியில் காய்ந்த துணியை ஏறிட்டும் பார்க்கவில்லை. எழுந்தவர் போகிற போக்கில் சமையலறைத் திரையை ஒரு கணம் பார்த்தார். காற்றில் ஆடியிருக்கலாம். கரண்ட் இல்லாததால் ஃபேன் ஓடவில்லை என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. கதவைச் சாத்தினார். பூட்டு விழுந்தது.

அவர் படியிறங்கி, பின்பக்கம் போய், மறுபடி துணி அடிக்கிற சத்தம் எழும்பும்வரை நின்றுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சாயந்திரம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், “வராங்க. ஆனா கெடுதலுக்கு வரல. சண்டைய விலக்கத்தான் வராங்க. அதுவும் நம்ம சாமான் எதையும் தொடல” என்றேன். குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்திருக்கும்.

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

“செருப்ப எங்க விட்டிய?”

“எந்தச் செருப்ப?”

“உங்க செருப்பத்தான். ஒளிஞ்சிருந்தியள்ல. அப்ப செருப்பு எங்க கெடந்துச்சு?”

நான் வாசலைப் பார்த்தேன்.

“வாசல்லயா விட்டிய?”

“வீட்டுக்குள்ள செருப்போட எப்படிப் போறது?”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். சிரிப்பும் வந்துவிட்டது. “ஆண்டவரே! நம்ம ஊர்ல திருடன்கூட செருப்பக் கழட்டி வாசல்ல போட்டுட்டுத்தான் உள்ள வருவான் போல. ஆளு உள்ள இருக்குன்னு வாசல்ல போர்டு மாட்டி வச்சிட்டு, திரைக்குப் பின்னால துப்பறிஞ்சிருக்கிய!”

“பழைய செருப்பு நாலஞ்சு கெடக்குல்ல. அதுல இது எதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெனமும் வாசல் கூட்டுதவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் கண்ணாடியத் தட்டித் தட்டி நாடகம் போட்டிருக்கா. ‘லைன் ஊட்டுல குடி வெச்ச மாதிரி’யாம். அது உங்களுக்குச் சொன்னது.”

அப்போதுதான் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. வந்திருக்கவே வேண்டாம். அவசரத்தில் நான் உதறிவிட்டுப் போனபோது ஒரு செருப்பு கவிழ்ந்து விழுந்தது. அடிப்பாகம் வானத்தைப் பார்த்தபடி. நிமிர்த்தக் குனிந்தால் சத்தம் கேட்கும் என்று விட்டுவிட்டேன். வெளியே வந்தபோது கால் தானாக நுழைந்தது. இரண்டும் நிமிர்ந்து, ஜோடியாக இருந்தன.

கவிழ்ந்த செருப்பை யாரும் அப்படியே விட மாட்டார்கள். வீட்டில் சண்டை வரும் என்று, யாருடையது என்றுகூடப் பார்க்காமல், போகிற போக்கில் காலாலேயே புரட்டிவிட்டுப் போவார்கள். அவரும் அப்படிச் செய்திருக்கலாம். ஆனால் எப்போது? உள்ளே வரும்போது என்றால் எல்லாம் நாடகம். வெளியே போகும்போது என்றால் எல்லாம் நிஜம். ஒரே துணி, இரண்டு விளக்கு. என் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. மூன்றாவது விளக்கைப் போட்டுப் பார்ப்போம். இதற்கு எந்த விளக்கைப் போடுவது?

சொன்னபடி காலி செய்வதா என்று கேட்டேன். அவள் குழம்பு கொதிக்கிறவரை யோசித்தாள். தொட்டி முன்னால் போய் நின்று, கிழிந்த வாலைப் பார்த்தாள். “ஞாயித்துக்கெழம கீழ போவோம். நான் பேசுதேன். நீங்க வாயத் தொறக்காதிய.”

போனோம். வீட்டுக்காரம்மா முறுக்குத் தட்டை நீட்டினார்.

“அக்கா, மீனெல்லாம் ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்குது. தொட்டி பத்தல. நாலடி வாங்கணும்” என்றாள் என் மனைவி.

“அப்படிங்களா!” வீட்டுக்காரம்மா கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். “மீனு கூடவா அடிச்சுக்கும்ங்க?”

அவர் முகத்தை நான் பார்த்தேன். சாது முகம். கண்ணாடியோடு ஒட்டி வந்து நிற்கிற அதே முகம்.

“ஆமாக்கா. நாங்களே இப்பத்தான் பாத்தோம்” என்றாள் என் மனைவி. அவளும் அதே முகத்தோடு.

“நாலடின்னா கனமாச்சுங்களே கண்ணு. மேல தாங்காதுங்க.”

“அதான்க்கா, உங்க ஹால்ல வச்சுக்கலாமான்னு கேக்க வந்தோம். பகல்ல நீங்க இருக்கிய. பாத்துக்கிடுவிய.”

இதை அவள் என்னிடமே சொல்லியிருக்கவில்லை. முறுக்கு என் வாயில் நின்றுவிட்டது.

வீட்டுக்காரம்மா உடனே சம்மதிக்கவில்லை. சந்தேகம் அவருக்கும் இருந்தது. எதற்காகத் தங்கள் பொருளைக் கொண்டுவந்து தன் வீட்டில் வைக்கிறார்கள்? கரண்டு யார் கணக்கில்? தண்ணீர் மாற்றும்போது மெத்தை நனையுமா? ஊரிலிருந்து உறம்பரை வந்தால் உட்கார இடம் இருக்குமா? ஒவ்வொன்றாகக் கேட்டார். என் மனைவி ஒவ்வொன்றாகச் சொன்னாள். எல்லாம் முடிந்து எழுந்தபோது அவர், “சரிங்க, கொண்டாங்க. அந்த வாலு கிழிஞ்ச நீலம் மட்டும் பொழைக்குங்களா?” என்றார்.

எங்கள் முன்னால் ஒரு நாளும் மாடி வீட்டுக்குள் வந்து மீனைப் பார்க்காதவர்.

என் மனைவி சிரித்த முகம் மாறாமல், “பொழச்சுக்கும்க்கா” என்றாள். படியேறும்போது என் கையை நறுக்கென்று கிள்ளினாள். அந்த வார்த்தைக்கு அவள் அம்பு ஒட்டிவிட்டாள்.

“அப்ப காலி பண்ணலாமா?” என்றேன் மேலே வந்ததும்.

“மீனு கீழ போயிட்டா அவ மேல வர என்ன இருக்கு? இனியும் இங்க ஒரு சாமான் அசைஞ்சுதுன்னா, அது மீனுக்காக இல்ல. அன்னிக்கே லாரி.” ஸ்டூலைச் சுவரோரம் போட்டு, அதன் கால் நிற்கிற இடத்தில் தரையில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டினாள்.

நாலடித் தொட்டி வந்தது. கடைக்காரர் ஜெயித்த முகத்தோடு ஆட்டோவில் ஏற்றிவிட்டார். கூட ஒரு மூட்டை கல். உயரம் குறைவு, நீளம் அதிகம். இந்த முனையில் ஒரு குவியல், நடுவில் ஒரு குவியல், அந்த முனையில் ஒரு குவியல் என்று, ஒரு குவியலில் இருக்கிற கண்ணுக்கு அடுத்த குவியல் தெரியாதபடி அடுக்கினோம். வீட்டுக்காரம்மா பக்கத்தில் நின்று, “அக்கட்ட இன்னுங் கொஞ்சம் தள்ளி வெய்ங்க, மூஞ்சியோட மூஞ்சி பாக்கப்படாது” என்று கட்டளை போட்டார். இடம் கிடைத்ததும் மீன்கள் ஆளுக்கொரு கல்லைப் பிடித்தன. பாய்ச்சல் நிற்கவில்லை. ஆனால் ஓடுகிறதுக்கு ஓட இடம் இருந்தது, துரத்துகிறதுக்குப் பாதி வழியில் சலிப்பு வந்தது. மழைக்காலத்துக்குள் நீலத்துக்கு வால் முளைத்துவிட்டது. கொஞ்சம் வெளிறிய நீலம், கரை மாற்றித் தைத்த வேட்டி மாதிரி.

மாடியில் ஸ்டூல் அசையவில்லை. தரையில் அம்பு அழுக்கேறி, ஓரம் சுருண்டு, அப்படியே இருந்தது. நாங்களும் இருந்தோம். என் மனைவி ராத்திரி அயர்ந்து தூங்கினாள். வேறொரு சாவியைப் பற்றி யாரும் பேசவில்லை.

என் மீனைப் பார்க்க இப்போது நான் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. வேலை விட்டு வந்து, கீழ் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வீட்டுக்காரம்மாவோடு உட்கார்ந்து பார்ப்பேன். வேண்டுமென்றே ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் போவேன். அவர் நிமிர்த்துகிறாரா, என்னுடையது என்று தெரிந்து நிமிர்த்துகிறாரா, கவிழ்ந்த செருப்பு என்பதற்காக நிமிர்த்துகிறாரா என்று பார்க்கத்தான். சில நாள் திரும்பி வரும்போது நிமிர்ந்திருக்கும். சில நாள் கவிழ்ந்தபடியே கிடக்கும்.

ஒரு சாயந்திரம் நான் உள்ளே இருந்த நேரம் முழுக்க அவரும் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை. வெளியே வந்து பார்த்தால் செருப்பு நிமிர்ந்து, ஜோடியாக, முனை தெருவைப் பார்த்தபடி இருந்தது. மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் அவர் கணவர், தோட்டத்து மண் காயாத காலோடு, கை கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

மேலே போய் மனைவியிடம் சொன்னேன். அப்படியானால் அன்றைக்கு நிமிர்த்தியதும் வீட்டுக்காரம்மா இல்லாமல் அவர் கணவராக இருக்கலாம் அல்லவா, நாம்தான் வீணாக அந்தம்மா மேல், என்று ஆரம்பித்தேன்.

அவள் துணி மடிப்பதை நிறுத்தினாள். ஒரு சட்டையைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்.

“அப்ப அவரும் மாடியேறி நம்ம வாசல்வர வந்தாருங்கியளா? அன்னிக்கு அவரு சேவூருக்குப் போனத நீங்க பாத்தியளா?”

பார்க்கவில்லை.